நகரத்து மரங்களும் நம்மவர் கல்வியும்

(சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று பேசுமாறு எனக்கு இடப்பட்ட விஷயம் நகர வனவியலும் சமூக வனவியலும் ஆகும். இப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில், "வனமென்பது மலையில் இருப்பது, ஊர்களில் தொழில் செய்து வாழும் நமக்கு அதனோடு என்ன சம்பந்தம்?" என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். ஆயினும் நம் தெருவோரத்து வேம்பும், பள்ளிக்கூடத்துப் புங்கும், குளக்கரை அரசும், கோயில் நந்தவனத்து மகிழும், மயானத்துப் புளியும், நம் வீட்டுப் புழைக்கடை முருங்கையும் ஒருங்கு சேர்ந்தால் அதுவே ஊரின் வனமாகும். அவ்வனத்தை எண்ணி, அறிந்து, காத்து வளர்க்கும் சாஸ்திரம் நகர வனவியல். பொது நிலத்தில் ஊர் மக்களே மரம் வளர்த்து, அதன் பயனைத் தம்முள் பகிர்ந்து கொள்ளும் முறை சமூக வனவியல்.

இவ்விஷயத்தை இப்பொழுது எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நமது மாணவர் விடுதி வளாகத்திலுள்ள முதுமரங்களை வெட்டி அப்புறப்படுத்த வேண்டுமென்று நிர்வாக சபையின் முன் ஒரு யோசனை வந்திருப்பதை அங்கத்தினர் அறிவர். புயற்காலத்தில் அவை சாய்ந்து பிள்ளைகளுக்கு அபாயம் நேரலாம் என்பது யோசனை கூறியவர்களின் கவலை. அக்கவலை நியாயமானதே. ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடான மரம் உலகத்தில் இல்லை. ஆனால் எந்த மரம் விழும், எந்த மரம் நிற்கும் என்பதை ஆராய்ந்து சொல்ல வல்ல கல்வி ஒன்று இருக்கும்பொழுது, அக்கல்வியை நாடாமல் எல்லா மரங்களுக்கும் ஒரே தீர்ப்பு வழங்குதல் தகுமா என்பதே என் கேள்வி. அக்கல்வி யாது, அது நம்மவர்க்கு எங்கே கிடைக்கும் என்பதைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

மரம் வைத்தலை நம் நாட்டார் பிறரிடம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சத்திரம் கட்டியவர் கிணறு வெட்டினர். கிணறு வெட்டியவர் அதனருகே நிழல் மரம் வைத்தனர். குளம் தொட்டவர் கரையில் ஆலும் அரசும் நட்டனர். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலுக்கு மாவும், திருவானைக்காவுக்கு நாவலும், தில்லைக்குத் தில்லை மரமும், மதுரைக்குக் கடம்பும் தல விருட்சங்களாயின. அசோகச் சக்கரவர்த்தி பெருவழிகளில் ஆலமரம் நடுவித்ததைத் தம் தூண் சாசனத்திலே பொறித்து வைத்தார். மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரால் வழங்கும் சாலையை இன்றும் தென்னாட்டார் நன்றியுடன் பேசுகின்றனர். சாலையோரப் புளிய மரங்களின் காய்ப்பை ஆண்டுதோறும் ஏலத்தில் எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் பல உண்டு.

இவற்றிலெல்லாம் ஒரு பொதுத் தன்மையைக் கவனியுங்கள். அக்காலத்து மரம் ஒவ்வொன்றுக்கும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் இருந்தார். கோயில் மரத்துக்குக் கோயிலார். சத்திரத்து மரத்துக்குத் தருமகர்த்தர். குளக்கரை மரத்துக்கு ஊரார். புளிய மரத்துக்கு ஏலம் எடுத்தவர். இக்காலத்து நகரத்தில் தெருவோரம் நிற்கும் மரத்துக்கு அத்தகையவர் யார்? மின்சாரக் கம்பி இழுப்பவர் கிளையை வெட்டுகிறார். கழிநீர்க் குழாய் பதிப்பவர் வேரை வெட்டுகிறார். விளம்பரப் பலகை மாட்டுபவர் ஆணி அடிக்கிறார். நடைபாதை போடுபவர் அடிமரம் வரை சிமெண்டு பூசுகிறார். நான்கு கைகளும் தத்தம் வேலையைச் செய்துவிட்டுப் போய்விடுகின்றன. பின்னர் ஒரு நாட் புயலில் மரம் சாய்ந்தால், "மரம் ஆபத்தானது" என்று பழி அம்மரத்தின் மேலேயே வருகிறது.

இனி இக்கல்வி தோன்றிய வரலாற்றைச் சிறிது கூறுகிறேன். நகர வனவியல் தனியொரு சாஸ்திரமாக வகுக்கப்பட்டது வட அமெரிக்காவிலாகும். அங்கே நெப்ராஸ்கா என்னும் ராஜ்யம் மரமற்ற புல்வெளிப் பிரதேசம். அங்குக் குடியேறிய ஸ்டெர்லிங் மார்ட்டன் என்பவரின் முயற்சியால் 1872-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி முதன்முதலாக மரநடு நாள் கொண்டாடப்பட்டது. அன்று ஒரே நாளில் 10 லட்சம் கன்றுகளுக்குக் குறையாமல் நடப்பட்டனவென்று கூறுவர். நம் தேசத்திலும் 1950-ஆம் ஆண்டில், மத்திய உணவு விவசாய மந்திரியாயிருந்த கே. எம். முன்ஷி அவர்கள் வன மஹோத்ஸவத்தைத் தொடங்கி வைத்தார். இவை மரம் நடுதற்கு ஏற்பட்ட விழாக்கள். நட்ட பின்னர் என்ன செய்வது என்னும் கேள்வி ஒரு பெருந்துன்பத்தின் மூலமாகவே எழுந்தது.

அமெரிக்க நகரங்களின் தெருக்களில் எல்ம் என்னும் மரத்தையே வரிசை வரிசையாக நட்டிருந்தனர். இருபுறத்துக் கிளைகளும் மேலே வளைந்து கூடித் தெருவுக்கு விதானமிட்டாற்போல் நிற்கும். 1930-ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான எல்ம் கட்டைகளோடு ஒரு பூஞ்சண நோய் அந்நாட்டுக்குள் வந்தது. பட்டையைத் துளைக்கும் ஒருவகை வண்டு அதை மரத்துக்கு மரம் கொண்டு சென்றது. தெருவில் நின்றவை யாவும் ஒரே சாதி மரமாதலின், ஒன்றுக்கு வந்தது அனைத்துக்கும் வந்தது. சில ஆண்டுகளில் தெருத் தெருவாக நிழல் அழிந்தது. கனடா தேசத்து டொரொண்டோ சர்வகலாசாலையில் இந்நோயை ஆராய்ந்து வந்த எரிக் யோர்கென்சன் என்னும் பேராசிரியர், ஒரு நோயை மட்டும் பார்த்துப் பயனில்லை, நகரத்து மரங்கள் அனைத்தையும் ஒரு வனமாகக் கொண்டு பரிபாலிக்க வேண்டும் என்று கண்டு, 1965-ஆம் ஆண்டில் நகர வனவியல் என்னும் பெயரை வழக்கிற்குக் கொணர்ந்தார்.

பாடம் முழுவதும் கற்கப்பட்டதா என்றால், இல்லை. எல்ம் அழிந்த தெருக்கள் பலவற்றில் ஆஷ் என்னும் வேறொரு மரத்தையே மீண்டும் வரிசையாக நட்டனர். 2002-ஆம் ஆண்டில் மிச்சிகன் ராஜ்யத்தில், டெட்ராய்ட் நகரத்தருகே, ஆசியாவிலிருந்து வந்த மரகத நிறமுள்ள ஒரு சிறு வண்டு காணப்பட்டது. அது பின்னர் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. இடையில் 1990-ஆம் ஆண்டிலேயே பிராங்க் சாண்டமூர் என்னும் அறிஞர் ஓர் எளிய அளவு கூறியிருந்தார்: ஒரு நகரத்து மரங்களில் ஒரே இனம் நூற்றுக்குப் 10-க்கு மேலும், ஒரே பேரினம் 20-க்கு மேலும், ஒரே குடும்பம் 30-க்கு மேலும் இருத்தலாகாது என்பது அது. ஒரே சரக்கில் முதல் முழுவதையும் போடும் வியாபாரி படும் பாட்டை அறிந்த நம்மவர்க்கு இவ்விதியை விளக்க வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா என்னும் புயல் சென்னையைத் தாக்கியது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்றில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. விழுந்தவற்றுள் பிற நாடுகளிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட குல்மோகர், தூங்குமூஞ்சி முதலியன மிகுதியாயிருந்தன. விரைவில் வளர்ந்து, விரைவில் நிழல் தந்து, பூத்துக் குலுங்கும் மரம் என்று அவற்றை விரும்பி நட்டிருந்தனர். ஆயினும் குற்றம் முழுவதும் அயல் மரத்தினது என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. வேரோடு சாய்ந்த மரத்தின் அடியைப் பார்ப்பவர்க்கு, வேர் ஒருபுறம் வெட்டுண்டிருப்பதும், மறுபுறம் சிமெண்டுத் தளத்தின் கீழ் ஓடவழியின்றிச் சுருண்டிருப்பதும் விளங்கும். அந்நிலையில் வேம்பும் நில்லாது.

இதற்கு எதிரான ஒரு காட்சியும் அதே சென்னையில் உண்டு. அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோட்டத்திலுள்ள ஆலமரம் பல நூற்றாண்டு வயதுடையது. 1989-ஆம் ஆண்டுப் புயலில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. எனினும் அதன் விழுதுகள் மண்ணில் ஊன்றித் தனித்தனி அடிமரங்களாகி நிற்பதால் அம்மரம் இன்றும் வாழ்கிறது. விழுது இறங்க இடம் விட்டிருந்தார்கள். இறங்கிய விழுதைக் காத்தார்கள். ஆகையால் தாய் வீழ்ந்தும் குலம் வீழவில்லை.

மரத்தின் இயல்பைப் பற்றிச் சில உண்மைகளை நம் வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் நலம். மரத்தின் வேர் ஆணிபோல் நேரே பாதாளத்துக்குப் போகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான மரங்களில் உணவு தேடும் வேர்கள் மேல் மண்ணிலே, ஏறத்தாழ இரண்டடி ஆழத்துக்குள்ளேயே பரவுகின்றன. கிளை விரிந்த எல்லையையும் கடந்து செல்கின்றன. அவ்வேர்களுக்கு நீர் வேண்டுவது போலவே காற்றும் வேண்டும். அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டு பூசுவது வேரின் மூக்கைப் பொத்துவது போலாகும். இதனாலேயே 2013-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டில்லி நகரத்து மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரம் சிமெண்டை நீக்குமாறு கட்டளையிட்டது.

கிளை வெட்டுதலிலும் முறை உண்டு. அமெரிக்க வன இலாகாவில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து, அவற்றின் புண்கள் உள்ளே எவ்வாறு செல்கின்றன என்று ஆராய்ந்தார். மனித உடம்பில் புண் ஆறிப் பழைய தசை வருவது போல மரத்தில் வருவதில்லை. மரம் புண்பட்ட இடத்தைச் சுற்றி மதிலெழுப்பி, அழுகல் பரவாதபடி அடைத்துவிட்டு, வெளியே புது மரம் வளர்க்கிறது என்று அவர் காட்டினார். கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் வளையம் போன்ற ஒரு தடிப்பு உண்டு. அத்தடிப்பை விட்டு, அதற்கு வெளியே அறுத்தால் மரம் தானே அடைத்துக்கொள்ளும். அடிமரத்தோடு ஒட்ட வழித்து அறுத்தாலும், நீண்ட முளை விட்டு அறுத்தாலும், தலையை மொட்டையாக்கினாலும் அழுகல் உள்ளே புகும். வெட்டிய இடத்தில் தாரும் வர்ணமும் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்பதும் அவர் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று.

மரம் அபாயமானதா என்று பார்ப்பதற்கும் அடையாளங்கள் உண்டு. அடியில் நாய்க்குடை போன்ற காளான் கிளம்பியிருக்கிறதா. புதிதாகச் சாய்ந்து, சாய்வுக்கு எதிர்ப்புறத்து மண் வெடித்திருக்கிறதா. இரு பெருங்கிளைகள் பிரியுமிடத்தில் பிளவு கண்டிருக்கிறதா. அருகில் பள்ளம் தோண்டி வேர் அறுக்கப்பட்டதா. உச்சிக் கிளைகள் பட்டுப் போயினவா. இவையெல்லாம் பார்க்கத் தக்கவை. உள்ளே பொந்து இருப்பதனாலேயே மரம் விழுந்துவிடும் என்பதும் இல்லை. உள்ளீடற்ற மூங்கில் காற்றில் நிற்பது போலச் சுற்றுச்சுவர் போதிய கனமாயிருக்கும் மரமும் நிற்கும். இவற்றை ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனியே பார்த்துத்தான், ஒன்றின் கிளையைக் குறைக்கலாம், ஒன்றுக்கு முட்டுக் கொடுக்கலாம், ஒன்றை வெட்டியே தீரவேண்டும் என்று நிச்சயிக்க வேண்டும். அங்ஙனம் நிச்சயித்து வெட்டச் சொன்னால் முதலில் சம்மதிப்பவன் நானே.

நகர வனவியலைச் சொன்னேன். சமூக வனவியலையும் சொல்ல வேண்டும். ஏனெனில் நம்மவரிற் பலர் கிராமங்களில் இருக்கின்றனர். 1976-ஆம் ஆண்டில் தேசிய வேளாண்மைக் கமிஷன், கிராமத்தாரின் விறகுக்கும் தீவனத்துக்கும் தனியே காடு வளர்க்க வேண்டுமென்று பரிந்துரை செய்தது. தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டு முதல் சுவீடன் தேசத்தின் உதவியுடன் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் நடந்தது. ஏரியின் நீர்பிடிப்பு உள்வாயில் கருவேல மரங்கள் வளர்க்கப்பட்டன. மழைக்காலத்தில் நீரில் நின்றும், கோடையில் வறண்டும் தாங்க வல்லது அம்மரம். பின்னர் 1997-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்தின் கடனுதவியுடன் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில், காட்டையடுத்த ஊர்களில் கிராம வனக் குழுக்கள் அமைக்கப்பட்டன. நீர் தேங்கத் தடுப்பணை, குடும்பங்களுக்குத் தொழிற்கடன், அதற்கு ஈடாகக் காட்டைக் காத்தல் என்று ஏற்பாடு செய்தனர். இவற்றால் விளங்கும் நீதி ஒன்றே: பயனில் பங்கு உள்ளவன் காவலிலும் பங்கு கொள்வான், பங்கற்றவன் வேலியைப் பிடுங்கி அடுப்பில் வைப்பான்.

இக்காலத்துச் செய்திகளையும் அங்கத்தினர் அறிதல் வேண்டும். 2020-ஆம் ஆண்டு உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று மத்திய அரசாங்கம் நகர்வனத் திட்டத்தை அறிவித்தது. நகரங்களின் உள்ளும் ஓரத்திலும் பாழ்பட்டுக் கிடக்கும் வன நிலங்களைச் சோலையாக்கி மக்களுக்குத் திறந்துவிடுவது அதன் நோக்கம். 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசாங்கம் மாவட்டந்தோறும் பசுமைக் குழு அமைத்து, அரசு நிலத்து மரங்களை வெட்டுவதற்கு அதன் அநுமதி வேண்டுமென்று ஏற்படுத்தியது. ஆகையால் நம் மதிற்சுவருக்கு வெளியே தெருவில் நிற்கும் மரத்தில் நாம் நம் விருப்பப்படி கோடரி வைத்தல் ஒண்ணாது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. மாநிலப் பரப்பில் நூற்றுக்கு 24 பங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்த காடும் மரமும் சேர்ந்த பசும்போர்வையைப் பத்தாண்டுகளில் 33 பங்காக உயர்த்துவது அதன் இலக்கு. இவ்வுயர்வு மலைக்காடுகளால் மட்டும் வாராது. வயல் வரப்பிலும், ஊர்ப் பொதுவிலும், நம்போன்ற சங்கங்களின் வளாகங்களிலும் வர வேண்டியதே அதிகம்.

உலக அளவிலும் ஒரு செய்தி உண்டு. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனமும் அமெரிக்காவின் மரநடு நாள் ஸ்தாபனமும் சேர்ந்து, மரங்களை நன்கு பேணும் நகரங்களுக்கு உலக மர நகரம் என்னும் பட்டம் அளிக்கின்றன. இந்தியாவில் முதன்முதல் அதைப் பெற்றது ஹைதராபாத்; 2020-ஆம் ஆண்டுக்குரிய பட்டம் அது. அதற்கு ஐந்து இலக்கணங்கள் வகுத்திருக்கிறார்கள். மரங்களுக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருத்தல்; மரங்களைப் பற்றிய விதிகள் இருத்தல்; இருக்கும் மரங்களின் கணக்கு இருத்தல்; ஆண்டுதோறும் பணம் ஒதுக்குதல்; ஆண்டுக்கொருமுறை விழாக் கொண்டாடுதல். விழா ஐந்தாவதாக நிற்பதை நோக்குங்கள். நாமோ பல இடங்களில் ஐந்தாவதை மட்டும் செய்துவிட்டு, முதல் நான்கையும் மழைக்கு விட்டுவிடுகிறோம். கணக்கெடுத்தலில் மகாராஷ்டிர மாகாணம் நமக்கு வழிகாட்டி. அங்கே நகரத்து மரங்களைக் காக்கும் சட்டம் 1975-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஐந்தாண்டுக்கொருமுறை மரக்கணக்கு எடுக்க வேண்டுமென்பது அச்சட்டத்தின் விதி.

இனி நம் பிள்ளைகளுக்குரிய கல்வி வாய்ப்புகளைச் சொல்லுகிறேன். பெற்றோர்கள் இப்பகுதியைக் குறித்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

முதலாவது, மேட்டுப்பாளையத்திலுள்ள வனக்கல்லூரி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இக்கல்லூரியில் நான்காண்டு வனவியற் பட்டப்படிப்பு நடைபெறுகிறது. மேற்படிப்பும் ஆராய்ச்சியும் உண்டு. மேல்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் பயின்ற ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் இதற்கு விண்ணப்பிக்கலாம். வைத்தியமும் பொறியியலும் கிடைக்கவில்லையென்று முகம் வாடும் வீடுகளில் இப்படி ஒரு படிப்பு உண்டென்பதே தெரிவதில்லை.

இரண்டாவது, இந்திய வனப்பணி. மத்தியத் தேர்வாணையம் ஆண்டுதோறும் இத்தேர்வை நடத்துகிறது. தாவரவியல், விலங்கியல், ரசாயனம், பௌதிகம், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை வைத்தியம் ஆகியவற்றுள் ஒன்றையேனும் பாடமாகக் கொண்ட பட்டதாரிகளும், விவசாயம், வனவியல், பொறியியல் பட்டதாரிகளும் எழுதலாம். முதல்நிலைத் தேர்வு ஆட்சிப்பணித் தேர்வோடு ஒன்றாகவே நடைபெறுகிறது. ஆதலின் ஆட்சிப்பணிக்கு உழைக்கும் நம் இளைஞர் இதற்கும் சேர்த்தே உழைக்கலாம். இதன்றி மாநில அரசின் தேர்வுகள் வழியாகவும் வன உத்தியோகங்கள் உண்டு.

மூன்றாவது, கோயம்புத்தூர். 1912-ஆம் ஆண்டு முதல் வனக்கல்வி நடந்துவரும் ஊர் அது. 1902-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட காஸ் வன அருங்காட்சிசாலையும் அங்கேயே உள்ளது. 1988-ஆம் ஆண்டில் தோன்றிய வன மரபியல் மரப்பெருக்க ஆராய்ச்சி நிலையம் நாற்று, விதை, மரவளர்ப்புப் பற்றி விவசாயிகளுக்கும் பிறர்க்கும் பயிற்சிகள் அளித்து வருகிறது. நிலமுள்ள நம்மவர் சந்தன மரமோ குமிழோ வைத்து நட்டமடையுமுன் அங்கே சென்று ஒரு வார்த்தை கேட்டுவருதல் புத்திசாலித்தனம்.

நான்காவது, மர வைத்தியம். 1924-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றி இன்று உலகெங்கும் பரவியுள்ள சர்வதேச மரவளர்ப்புச் சங்கம், தேர்வு வைத்து மர வைத்தியர் பட்டம் அளிக்கிறது. மூன்றாண்டு தொழில் அநுபவமோ, அதற்கு ஒப்பாகப் படிப்பும் அநுபவமும் சேர்ந்த தகுதியோ வேண்டும். கயிறு கட்டி மரமேறிக் கிளை கழிப்பவரை நாம் கூலியாளென்று அழைக்கிறோம். முறையறிந்து செய்தால் அது மதிப்புள்ள தொழில்; நம் நகரங்களில் அதை அறிந்தவர் மிகச் சிலரே. தொழிலில் தேவை மிகுந்து ஆட்கள் குறைந்திருக்கும் காலமே அதில் இறங்கத் தக்க காலம் என்பது நம்மவர்க்குத் தெரியாததன்று.

ஐந்தாவது, படிப்புக்கும் உத்தியோகத்துக்குமன்றி, வீட்டிலுள்ளோர் யாவர்க்கும் ஏற்ற கல்வி. சென்னையில் 2005-ஆம் ஆண்டு முதல் நிழல் என்னும் அமைப்பினர் தெருத் தெருவாக நடந்து மரங்களை அடையாளம் காட்டும் மர நடைகளை நடத்தியிருக்கின்றனர். இவ்வழக்கத்தை எந்த ஊரிலும் நாமே தொடங்கலாம். அமெரிக்க வன இலாகாவினர் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ-ட்ரீ என்னும் கணினிக் கருவியின் துணையால், விண்ணிலிருந்து எடுத்த படத்தைக் கொண்டு ஓர் ஊரில் மர நிழல் எத்தனை பங்கு என்று மதிப்பிடலாம். அதற்கு விலை இல்லை. கையில் தொலைபேசி வைத்துப் பொழுது போக்கும் நம் பிள்ளைகளுக்கு இது நல்ல வேலையாகும்.

கேட்டது போதும், செய்வது யாது என்று வினவுவீர்கள். நிர்வாக சபையாரின் முன் ஐந்து வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, விடுதி மரங்களைப் பற்றிய முடிவை, வனவியல் கற்ற ஒருவர் நேரில் வந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்து எழுத்து மூலம் அறிக்கை தரும்வரை ஒத்தி வைத்தல். அதுவரையில் பட்ட கிளைகளை மட்டும் கழித்து, மழைக்காலத்தில் பிள்ளைகள் அம்மரங்களின் கீழ் நில்லாதபடி பார்த்துக்கொள்ளலாம். இரண்டு, சங்கத்தின் விடுதி, சத்திரம், பள்ளி, குளம் ஆகிய எல்லா இடத்து மரங்களுக்கும் ஒரு பதிவேடு ஏற்படுத்துதல். மரத்தின் பெயர், சுற்றளவு, நிலைமை, பார்த்த தேதி ஆகிய நான்கும் அதில் இருந்தாற் போதும். சொத்துக் கணக்கில் நாற்காலியும் மேஜையும் ஏறுகின்றன. நம் பாட்டனார் வைத்த மரம் ஏறவில்லை. மூன்று, புதிதாக நடும் ஒவ்வொரு கன்றுக்கும் மூன்று கோடைகளுக்கு நீர் ஊற்றும் பணத்தை நடும்பொழுதே ஒதுக்குதல்; ஒதுக்க முடியாதாயின் அத்தனை கன்றுகளைக் குறைத்து நடுதல். நான்கு, கன்றுகளில் ஒரே வகை மிகாதபடி வேம்பு, புங்கு, பூவரசு, மகிழம், புன்னை, நாவல், இலுப்பை, மருது என்று இடத்துக்கேற்பக் கலந்து வைத்தல். மின்கம்பியின் கீழ்ச் சிறு மரமும், திறந்த வெளியில் பெருமரமும் வைத்தல். ஐந்து, சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து வனவியல் பயிலும் ஒரு மாணவருக்கும் ஒரு மாணவிக்கும் ஆண்டுதோறும் உபகாரச் சம்பளம் அளித்தல்.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். கன்றைக் கட்டிய கயிறும் கூண்டுக் கம்பியும் மரம் பருத்த பின்னரும் அவிழ்க்கப்படாமல் கழுத்தை இறுக்குவதைத் தெருவில் பார்த்திருப்பீர்கள். ஓராண்டு கழிந்ததும் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் மரத்தடியில் பரப்பினால் ஈரம் காக்கும், மண்ணுக்கு எருவாகும். ஆனால் அதை அடிமரத்தோடு ஒட்டக் குவித்தலாகாது. இவ்வளவும் குழந்தை வளர்ப்பவர்களுக்குப் பழக்கமான கவனமே.

பெரியோர்களே! வைத்தவர் நிழலில் இளைப்பாறாமலே போவதுண்டு. இது மரத்தின் இயல்பு. நமக்கு விடுதி கட்டித் தந்தவர்களும் அவ்வாறே போயினர். அவர்கள் கட்டிடத்தைப் பழுதுபார்க்கக் கொத்தனாரை அழைக்கிறோம்; கணக்கைப் பார்க்கக் கணக்கரை அழைக்கிறோம். அவர்கள் வைத்த மரங்களுக்கு மட்டும் கோடரிக்காரரை முதலில் அழைக்க வேண்டாம். கற்றவரை முதலில் அழைப்போம். அவ்வாறு கற்றவர் நம் குடும்பங்களிலிருந்தே தோன்றுமாறு செய்வோம்.